ரத்தக் காட்டேரிக்கு ஒரு ‘வாங்க’

ரத்தம் குடிக்கும் பேய்களைப் பற்றி எந்தப் படம் வந்தாலும் நான் சிலுவையின் பக்கம்தான். கன்னியாஸ்திரிகள் நடத்திய கல்லூரி விடுதியில் ஒரே லேப்டாப்பைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நெருக்கியடித்துப் பார்த்த காலத்திலிருந்தே அப்படி. கறுப்பு அங்கி போட்ட பிரபு கழுத்தை நோக்கிக் குனிவான். யாராவது சிலுவையை நீட்டினால் வெந்நீர் பட்ட பூனையாய்ப் பின்வாங்குவான். எங்கள் மதம் நூற்றுக்கு நூறு வாங்கும் இடம் அது ஒன்றுதான் என்று எனக்குப் பெருமையாக இருக்கும். இப்போது வரும் படங்களில் அந்த ஆட்கள் சிலுவைக்குப் பயப்படுவதில்லை, காலேஜ் பெண்களைக் காதலிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்த வந்ததும் இந்தப் பைத்தியத்துக்குப் பாடத்திட்டத்தின் ஆசியும் கிடைத்தது. பழைய நாவல்களில் வரும் விதிகளை மாணவிகளுக்கு வரிசையாகச் சொல்வேன். தீர்த்தம் ஆகாது, பூண்டு ஆகாது. எல்லாவற்றையும்விடப் பெரிய விதி, வீட்டுக்காரர் வாய் திறந்து அழைக்காமல் அது வாசற்படியைத் தாண்டாது. பாவத்தை நாம்தான் உள்ளே விடுகிறோம் என்பதே இதன் பொருள் என்று ஒரு பிரசங்கமும் செய்வேன்.

நான் கல்யாணம் பண்ணிக்கொண்டது சோழவந்தான் பக்கம் கொடிக்கால் வைத்து வெற்றிலை பயிரிடும் ஒரு இந்துக் குடும்பத்தில். நாங்கள் இருவரும் தனியாகக் குடியிருந்தது மதுரை கோச்சடையில். அவர்கள் கும்பிடும் தெய்வங்களில் காட்டேரியும் ஒன்று என்பது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. வகுப்பில் வேம்பயர் என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைக்கு நான் சொல்லும் அதே ரத்தக் காட்டேரி. கர்ப்பிணிகளின் ரத்தத்துக்கு அலைபவளாம். அதனாலேயே பூசை போட்டு, படையல் வைத்து, வயிறு நிறைய அனுப்பிவைப்பார்களாம். படத்தில் விரட்டி அடிக்கிறதை இவர்கள் விருந்து வைத்து வழியனுப்புகிறார்களே என்று ரசித்தேன். நான் கர்ப்பமாகும்வரை ரசித்தேன்.

முதல் கர்ப்பம் மூன்றாம் மாதத்தில் கலைந்தது. இரண்டாவது தங்கியபோது எனக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் அதிகம். பாத்ரூம் போகும்போதெல்லாம் ரத்தம் தெரிகிறதா என்று பார்ப்பேன். இந்தப் பிள்ளையும் போய்விட்டால் நான் எழுந்திருக்க மாட்டேன் என்று எனக்குத் தெரியும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருட்டுகூட வேண்டியிருக்கவில்லை, பட்டப்பகலில் அத்தையே போதுமாக இருந்தார்.

அத்தை, என் கணவரின் அம்மா. வாரத்துக்கு ஒருமுறை கீரையும் நாட்டுக்கோழி முட்டையுமாக பஸ் ஏறி வருவார். ஆறாம் மாதத்தில் ஒருநாள், “பழைய சேலை ஒண்ணு குடு தாயி. தொவைக்க வேணாம், கட்டுனதாவே குடு” என்றார். எதற்கு என்றால், “சும்மாத்தான்” என்றார். அதன்பிறகு எங்கள் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார். முகம் வெளிறிக்கொண்டே வந்தது. என் கழுத்தில் தொங்கும் சிலுவையைக் கண்ணெடுக்காமல் பார்த்து, “ஞாயித்துக்கெழம கோயிலுக்கு இன்னமும் போறியா?” என்று கேட்பார். சோறு தின்பதில்லை, முகத்தில் ரத்தமில்லை, சிலுவையைக் கண்டால் முறைப்பு. இதைவிடக் குறைந்த ஆதாரத்துக்கு நான் விடைத்தாளில் மதிப்பெண் போட்டிருக்கிறேன்.

“படம் பாத்துப் பாத்து ஒனக்கு மண்ட கொழம்பிருச்சு” என்றார் கணவர். தாயைப் பிள்ளை வேறு எப்படிப் பேசும்? என் சேலையைக் காட்டேரிக்குக் கொடுத்து என் பிள்ளையைத் தத்தம் பண்ணிவிட்டார் என்றே நான் நினைத்தேன். வாசல் நிலைக்கு மேலே ஒரு மரச்சிலுவையை அடித்தேன். மாதா உருவத்தில் இருக்கும் பிளாஸ்டிக் பாட்டிலைத் திறந்து படியெங்கும் தீர்த்தம் தெளித்தேன். பாக்கி இருந்தது அந்தப் பெரிய விதி. அழைக்காமல் இருந்து பார்ப்போம் என்று முடிவு செய்தேன்.

அடுத்த தடவை கேட் சத்தம் கேட்டதும் வாசலுக்குப் போய், “பஸ்ல கூட்டமா?” என்று மட்டும் கேட்டேன். ‘வாங்க’ என்று சொல்லவில்லை. செருப்பைக் கழற்றியவர் படிக்கு வெளியே அப்படியே நின்றார். என் முகத்தைப் பார்த்தார். நின்றபடியே நாலு வார்த்தை பேசி, பையைப் படிக்கு மேலாக நீட்டி, “சரி தாயி, போயிட்டு வாரேன்” என்று திரும்பிவிட்டார். அடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் தூறலில் நனைந்துகொண்டு நின்றார், பக்கத்து வீட்டம்மா ஜன்னலில் நின்று பார்த்தார். நாவலில் படித்த விதி கோச்சடையில் பலிக்கிறதே!

எட்டாம் மாதம் ஒரு மதியம். அத்தை வெளியே நிற்க, நான் பையை வாங்கிக்கொண்டு அடுப்படிக்குத் திரும்பினேன். கண் இருட்டியது, காலில் ஈரம் இறங்கியது. தரையில் ரத்தத்தைப் பார்த்தேன். பிரிட்ஜைப் பிடித்தபடி சரிந்தபோது யாரையும் கூப்பிட எனக்குக் குரல் வரவில்லை. தடதடவென்று காலடிச் சத்தம்தான் கேட்டது. சிலுவைக்குக் கீழே நுழைந்து, தீர்த்தம் தெளித்த படியை மிதித்து, அழையாமலே அத்தை ஓடி வந்தார். “பயப்படாத ஆத்தா, நான் இருக்கேன்ல” என்று என் தலையை மடியில் போட்டுக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி ஆட்டோவுக்குக் கத்தினார்.

ஆஸ்பத்திரியில் உடனே ஆபரேஷன் என்றார்கள், ரத்தம் கொடுக்க ஆள் வேண்டும் என்றார்கள். கணவர் இன்னும் வந்து சேரவில்லை. “எங்கிட்ட எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க” என்று அத்தை கையை நீட்டினார். நர்ஸ் அவர் விரலில் குத்திப் பார்த்துவிட்டு வந்து சொன்னதை ஸ்ட்ரெச்சரில் படுத்தபடி நான் கேட்டேன். “ஒங்களுக்கே ரத்தம் பத்தலையேம்மா. சோறு திங்கிறதே இல்லியா?”

கணவரும் அவருடைய நண்பர்களும் வந்து கொடுத்தார்கள். பிள்ளை பிழைத்தது, பெண். மறுநாள் வார்டில் நேராகவே கேட்டேன், ஏன் சாப்பிடவில்லை, என் சேலை எங்கே என்று.

“காட்டேரி பூசைக்கு முழுகாம இருக்கவதான் வந்து உக்காரணும். ஒன்னையக் கூப்புட்டா வருவியா? அதான் ஒன் சேலையக் கட்டிக்கிட்டு ஒனக்குப் பதிலா நானே உக்காந்தேன். புள்ள நல்லபடியா கையில வர வரைக்கும் ஒருநேரச் சோறுன்னு நேந்துக்கிட்டேன்” என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, “நானும் ஒண்ணு கேக்குறேன், கோவிச்சுக்காத. ஒங்க கல்யாணத்தன்னைக்கு ஒங்க கோயில்ல சாமியாரு கிண்ணத்தத் தூக்கி ரத்தம்னு சொல்லிக் குடிச்சாரே. நீயும் வாராவாரம் அங்கதான போற? மொதப் புள்ள தங்கலன்னதும் எனக்கு அந்த ரோசனைதான்” என்றார்.

ஆக, இத்தனை மாதமும் அவர் கணக்கில் காட்டேரி நான்! சுருக்கென்று கோபம் வந்தது, அப்புறம் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தேன். அது வெறும் திராட்சை ரசம் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் சின்ன வயதில் சர்ச்சில் நடந்த மறைக்கல்வி வகுப்பில் அப்படிச் சொன்னால் காதைத் திருகுவார்கள். உண்மையிலேயே ரத்தம் என்றுதான் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

“ரத்தம்தான் அத்தை. ஆனா அது சிலுவையில தொங்குறவரே நமக்காகக் குடுத்தது, யாருகிட்டயும் எடுத்தது இல்ல” என்றேன். அவர் முழுசாக நம்பியதாகத் தெரியவில்லை.

பிள்ளையோடு வீட்டுக்கு வந்த பிறகு, நேர்த்திக்கடனை முடித்துவிட்டு அத்தை ஊரிலிருந்து வந்தார். நான் பிள்ளையை ஏந்திக்கொண்டு வாசலுக்குப் போனேன். செருப்பைக் கழற்றிவிட்டு, படிக்கு வெளியே பழைய இடத்திலேயே நின்றார். எனக்கு மறுபடியும் அந்தப் பெரிய விதி ஞாபகம் வந்தது.

“அன்னைக்கு உள்ள வந்தீங்கள்ல அத்தை, இன்னைக்கு என்ன?”

“அன்னைக்கு ஆபத்துக்கு வந்தேன். ஆபத்துக்குப் பாவமில்ல. வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லாத வீட்டுக்குள்ள மனுசி எப்புடி வாரது? எனக்கும் ரோசம் இருக்குல்ல?”

எங்கோ பனி பெய்யும் ஊரில் பேய்க்கென்று எழுதிய விதி. மதுரையில் மாமியாருக்கும் மச்சினருக்கும் சம்பந்தகாரருக்கும் அதே விதிதான் என்பது, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கு மறந்துபோயிருந்தது. பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. அந்தம்மா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வாங்கத்தை” என்றேன். அவர் நகரவில்லை.

“உள்ள வாங்கத்தை” என்றேன் மறுபடியும், பக்கத்து வீட்டுக்கும் கேட்கும்படி உரக்க.

வந்தார். பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, முதல் வேலையாகச் சோறு இருக்கிறதா என்று கேட்டார்.