ஈசோப்புக் கொத்து

பெரியப்பா போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. எனக்கு இன்னும் கோபம் ஆறவில்லை.

உத்திரமேரூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். எங்கள் கிறிஸ்தவ சபை என்பது ஏரிக்கரையை ஒட்டி ஒரு தகரக் கூடம். அதற்குப் பெரியப்பாதான் மூப்பர், தபாலில் வேதம் படித்தவர். வேதத்தில் வரும் ஈசோப்புச் செடியைப் பற்றி ஆரம்பித்தால் வீட்டில் சோறு ஆறிப்போகும். கிரேக்கத்தில் அதற்கு ஹுசோப்போஸ் என்று பெயராம். கொத்தாகக் கட்டி, ஆட்டுக்குட்டியின் இரத்தத்தில் தோய்த்து வாசல் நிலையில் பூசினார்களாம். குஷ்டம் தீர்ந்தவன்மேல் தெளித்தார்களாம். அது எந்தச் செடி என்று படித்தவர்களே இன்னும் அடித்துக்கொள்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அதை மட்டும் சபையில் சொல்லமாட்டார்.

நான் மூன்றாவது படித்தபோது, ஒரகடத்துக் கம்பெனிக்கு வேனில் போய்வந்துகொண்டிருந்த என் அத்தை, அப்பாவின் தங்கை, சபையில் கீபோர்டு வாசித்தவரோடு போய்விட்டாள். பத்தாம் நாள் அவர் அவளைக் கைகழுவிவிட்டு ஊர் திரும்பினார். அடுத்த ஞாயிறே கீபோர்டு முன்னால் உட்கார்ந்தார். திரும்பி வந்த அத்தைக்கு மாட்டுக் கொட்டகையில் பாய் போட்டார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். சபை நடுவில் ஈசோப்பால் தெளித்துச் சுத்தம் செய்த பிறகுதான் அவளை வீட்டுக்குள் விடுவேன் என்றார் பெரியப்பா.

ஈசோப்புக்கு உத்திரமேரூரில் எங்கே போவது? திருநீற்றுப்பச்சிலை போதும் என்று அவரே முடிவுகட்டினார். பறித்துவரும் வேலை எனக்கு. அத்தை வீட்டுக்குள் வந்துவிடுவாள் என்ற சந்தோஷத்தில் ஓடிப்போய்ப் பறித்து, வாழைநாரால் கட்டிக் கொடுத்தேன்.

கீபோர்டுக்காரர் வாசிக்க, அத்தை முட்டி போட்டிருந்தாள். பெரியப்பா கொத்தைத் தண்ணீரில் முக்கி அவள் தலையில் மூன்று தரம் உதறினார். முகத்தைத் துடைத்துக்கொண்டு அவள் என்னைத் தேடிப் பார்த்தாள்.

"ஏன்டி, ஒரு கொத்துதான் பறிச்சிக்கினு வந்தியா? இன்னொண்ணு வேணுமே."

கீபோர்டு நின்றது. அவளுக்குப் பத்தவில்லை, மறுபடி கொட்டகைதான் என்று எனக்குப் பயம். ஏரிக்கரைக்கு ஓடி, முதலாவதைவிடப் பெரிதாக ஒரு கொத்தோடு மூச்சிரைக்க வந்து பெரியப்பாவிடம் நீட்டினேன்.

அவர் கீபோர்டு பக்கம் திரும்பவேயில்லை. வாங்கி முக்கி, அதையும் அத்தையின் தலையிலேயே உதறினார். வாசிப்பு மறுபடி ஆரம்பித்தது. அந்தக் கொத்தை அவள் யாருக்காகக் கேட்டாள் என்று புரியாமல், நான் அத்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு நின்றேன்.