வேண்டாம் என்று சொல்லப் போனவள்

அவள் புருஷன் வீட்டை விட்டுப் போனது ஒரு செவ்வாய்க்கிழமை. வேறு ஊரில் துறைமுகப் பட்டறை ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. ஸ்பேனர் பெட்டியையும் ஒரு துணிப்பையையும் எடுத்துக்கொண்டான். செருப்பை மாட்டியபடி சொன்னான்: "நீ அதையே பாத்துட்டு இரு. என்னால முடியலை."

அது என்று அவன் சொன்னது தொட்டிலை.

அவளுக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்தும் வேலை. சட்டத்தைச் சூட்டில் இளக்கி, லென்ஸை அழுத்தி, கீறல் இருக்கிறதா என்று விளக்கில் பிடித்துப் பார்ப்பாள். "கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுட்டு வந்திருக்கா பாரு" என்று கல்லாவில் உட்காரும் அக்கா கேலி செய்வாள். அப்படிப்பட்டவள், ஏழாம் மாதத்தில் வயிற்றில் அசைவு நின்றுபோனதை ஒரு பகல் முழுக்கக் கவனிக்கவில்லை. பெண் குழந்தை. ஆஸ்பத்திரியில் உயிரில்லாத உடம்பைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். இருவரும் மாறி மாறி வைத்திருந்தார்கள். பிறகு நர்ஸுகள் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள்.

அதற்கு முன்பே, குழந்தைச் சாமான் விற்கும் இணையதளம் ஒன்றில் பிரசவத் தேதியைக் கொடுத்துவைத்திருந்தாள். அது விடுவதாக இல்லை. சமையலறை மேடையில் இருவருக்கும் பொதுவாக ஒரு டேப் இருந்தது. அவன் ஸ்கோர் பார்க்கத் திறந்தால் ஓரத்தில் தொட்டில் விளம்பரம் ஆடும். செய்தி படித்தால் நடுவில் குட்டி சாக்ஸ் வந்து நிற்கும்.

"மறுபடி தேடினியா?"

"இல்லப்பா. அதுவா வருது."

"நீ தேடாம அது எப்படி வரும்? அதுக்கென்ன ஜோசியமா தெரியும்?"

நாம் பார்த்ததை நினைவில் வைக்க இணையதளங்கள் டேப்பில் போட்டுவைக்கும் குறிப்புக்குக் குக்கி என்று பெயர் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டாள். நிறுத்திவிடலாம் என்று தினமும் காலையில், வேலைக்குக் கிளம்புமுன், அதே தளத்துக்குப் போனாள். 'எல்லாவற்றையும் ஏற்கிறேன்' என்று பச்சையில் பெரிதாக ஒரு பொத்தான். 'வேண்டாம்' எங்கே என்று தேட வேண்டும். சாம்பல் நிறத்தில் பொடி எழுத்து. அதைத் தொட்டால் ஒரு பக்கம். அதற்குள் வரிசையாக ஏகப்பட்ட கம்பெனிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு சுவிட்ச், எல்லாம் முன்கூட்டியே போட்டபடி. பஸ்ஸைத் தவறவிட்டாலும் சரி என்று நின்றுகொண்டே ஒவ்வொன்றாக அணைத்தாள். கடைசியில், எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கக் கூடாதென்று, டேப்பில் இருந்த எல்லாவற்றையும் துடைத்து அழித்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவாள்.

மறுநாள் தளம் புதிதாக அறிமுகமானவளிடம் கேட்பதுபோல் கேட்கும். தொட்டிலும் வரும்.

அவன் கண்ணில் பட்டது அழித்த தடம்தான்.

"பாக்கலைன்னா எதுக்கு அழிக்கிறே? யாருகிட்ட மறைக்கிறே?"

அவளுக்கு விளக்கத் தெரியவில்லை. அவனோ அழவும் தெரியாமல் கோபப்பட மட்டும் கற்றவன்.

அவன் போன பிறகு ஒருநாள், சாப்பாட்டு வேளையில் கல்லா அக்காவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அக்கா கரண்டியைக் கீழே வைத்தாள்.

"அடிப்பாவி, எல்லாத்தையும் அழிச்சியா? நீ வேண்டாம்னு சொன்னதையும் அது ஒரு குக்கியிலதான்டி எழுதி வெச்சிருக்கும். நீ அதையும் சேர்த்துத் துடைச்சிருக்கே."

"அப்போ தினமும் நான் சொன்னது?"

"எதுவும் நிக்கலை. நீ குடுத்த தேதி அவங்ககிட்டயே இருக்கு, டேப்பை அழிச்சா அது போகாது. வேண்டாம்னு சொல்லப் போனதைக்கூட, ஆசையா வந்து பாத்ததா எடுத்துக்கிச்சோ என்னவோ."

அன்று லென்ஸ் இரண்டு உடைந்தன.

நடந்ததை அப்படியே அவனுக்கு எழுதி அனுப்பினாள். 'நான் பார்க்கவில்லை. மறைக்கவும் இல்லை. நிறுத்தத்தான் பார்த்தேன்.' அவன் படித்துவிட்டதற்கான அடையாளம் வந்தது. பதில் வரவில்லை. இந்த முறை சுவிட்சுகளை அணைத்தாள், எதையும் அழிக்கவில்லை. சில நாளில் தொட்டில் நின்றது. டேப்பில் செருப்பு விளம்பரமும் கடன் விளம்பரமும் வந்தன, எல்லோருக்கும் வருவதுபோல.

ஒன்றரை வருஷம் கழித்து, அவள் சட்டம் ஒன்றை இளக்கிக்கொண்டிருந்தபோது அவனிடமிருந்து செய்தி வந்தது.

"இங்க புது போன் வாங்கினேன். ஒரு தொட்டில்கூட வரலை. பட்டறையில யாருக்கும் எதுவும் தெரியாது. நமக்கு ஒரு பொண்ணு இருந்தான்னு இந்த ஊர்ல ஒருத்தருக்கும் தெரியலை. நேத்து நானே உக்காந்து தொட்டில் தேடினேன். நீ சொன்னதை அன்னைக்கே நம்பியிருக்கணும்."