பின்பக்கம் இல்லாத துணி

டொரன்டோ அருங்காட்சியகம் ஒன்றின் கொரியக் கூடத்தில், துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த பழைய பொதித்துணி ஒன்று கண்ணாடிக்குள் தொங்கியது. ஓரங்களை உள்ளே மடித்து, இரண்டு பக்கமும் ஒரே மாதிரித் தெரிய வைத்த அதன் தையலைக் கண்டதும் எனக்கு மீண்டும் ஒன்பது வயது.

அப்போது இதே நகரில் டோர்செட் பார்க் என்ற பகுதியில் இருந்தோம். அம்மாவுக்குத் தையல் தொழிற்சாலையில் வேலை. பக்கத்து மெஷினில் ஒரு கொரியப் பெண். இருவருக்கும் பொதுவான மொழி கிடையாது. அவர் விரல்களால் காட்டக் காட்டத்தான் அம்மா இந்தத் தையலைப் பழகினார். வெட்டி மிஞ்சிய துண்டுகளில், என் சாப்பாட்டுப் பெட்டியைக் கட்டிக்கொண்டு போக ஒரு துணி தைத்துத் தந்தார்.

"பிரட்டிப் பார் பிள்ளை. உதுக்குப் பின்பக்கம் எண்டே ஒண்டு இல்லை."

"இது குப்பைத் துணி அம்மா. ஸ்கூலிலை சிரிப்பினம்."

அம்மா பார்த்துக்கொண்டிருக்கவே, அதைக் கொண்டுபோய் எங்கள் மாடியில் குப்பையைக் கீழே தள்ளும் குழாய்க்குள் போட்டேன். அவர் ஏசவில்லை. அடுத்த நாள் வேலை முடிந்து வந்து, சப்பாத்தைக் கழற்றியபடி சொன்னார்:

"உனக்குப் பிடிச்சதோ எண்டு கொரியன் அக்கா கையாலை கேட்டவ. ஓம் எண்டு தலையாட்டிப்போட்டு வந்தன்."

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். அம்மா இறந்து இரண்டு வருடமாகிறது. கண்ணாடிக்குக் கீழே இருந்த குறிப்பை ஒரு வரி விடாமல் வாசித்தேன். தைத்தவர் பெயர் தெரியவில்லை என்று எழுதியிருந்தது.

என்னுடையதைத் தைத்தவரின் பெயர் எனக்குத் தெரியும். துணிதான் இல்லை.