துரியோதனன் தொடையும் என் இரண்டு கைகளும்

கேமராவை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு தாய், குழந்தையை எந்தக் கையால் பிடித்துக்கொள்வது?

சிரிக்காதீர்கள். பத்து நாளாக யோசிக்கிறேன். இன்னும் விடை கிடைக்கவில்லை. பருப்புக்கு எத்தனை விசில் என்று போன மாதம் இதே பத்திரிகையில் கேட்டதற்குக் கட்டுக் கட்டாகக் கடிதம் போட்டவர்கள் நீங்கள். இது அதைவிடக் கொஞ்சம் பெரிய சந்தேகம்.

நான் திருப்பதியில் இருப்பது மகளின் எல்.கே.ஜி.க்காக. கணவர் குவைத்தில் இருப்பது எங்கள் இருவருக்காக. ஏ.சி. மெக்கானிக். அங்கே ஊரையே குளிர வைக்கிறார்; இங்கே எங்களுக்கு ஒரு டேபிள் ஃபேன். அதுவும் கரண்ட் இருந்தால்.

அவருடைய சொந்த ஊர் புத்தூருக்குப் பக்கத்தில். ஆண்டுதோறும் திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும். கடைசி நாள் துரியோதன வதம். தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன் — ஊருக்கு வெளியே மைதானத்தில் களிமண்ணால் ஒரு துரியோதனனைச் செய்து மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். பஸ் நீளம் இருப்பார். வேஷம் கட்டிய பீமனும் துரியோதனனும் அந்த மண் உடம்பைச் சுற்றிச் சுற்றிச் சண்டை போடுவார்கள். கடைசியில் பீமன் மண் தொடையில் அடிப்பான். உள்ளே புதைத்த பானை உடையும். செவ்வண்ணத் தண்ணீர் பீறிடும். திரௌபதி வந்து அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். பாரதப் போர் முடிந்தது. உடனே கூட்டம் கயிற்றைத் தாண்டி ஓடிவந்து, துரியோதனனைப் பிய்த்து ஆளுக்கொரு பிடி மண் எடுத்துப்போகும். வீட்டில் வைத்தால் நல்லதாம். உயிரோடு இருந்தவரை யாருக்கும் ஆகாதவர்!

மூன்று வருடத்துக்கு முன் பீமன் வேஷம் என் கணவருக்கு வந்தது. அதே வாரம் விசாவும் வந்தது. எது ஜெயித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த வருடம் அந்த வேஷம் அவர் தம்பி குமாருக்கு. புத்தூரில் ஆட்டோ ஓட்டுகிறவன்.

தன் கைக்கு வந்து போன வேஷத்தைத் தம்பி உடம்பில் பார்க்க வேண்டும் என்று இவருக்கு ஆசை. தப்பில்லையே. லீவில் வந்தவர் ஒருவர் மூலம் கேமரா வந்தது. கம்பளிக்குள் சுற்றி, நான்கு பக்கக் கடிதத்தோடு. கடிதத்தில் ‘நீ எப்படி இருக்கிறாய்’ என்பது ஒரு வரி. மீதி எல்லாம் கேமரா.

‘ஃபிளாஷை நம்பாதே. பத்தடிக்கு மேல் போகாது. வெளிச்சம் குறையக் குறைய ஷட்டர் வேக நம்பரைக் குறைத்துக்கொண்டே வா. முப்பதுக்குக் கீழே போகாதே, கை ஆடுவது படத்தில் தெரியும். வேறு வழியே இல்லை என்றால் பதினைந்து. இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டு. மூச்சைப் பிடி. மெதுவாக அழுத்து.’

நான் பி.எஸ்சி. பிசிக்ஸ். லென்ஸ் பற்றி எத்தனையோ பக்கம் எழுதி மார்க் வாங்கியவள். லென்ஸைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை. ஃபிலிம் போடாமல் பத்து நாள் பிராக்டிஸ் செய்தேன். குக்கரை எடுத்தேன். கொடியில் காயும் துணியை எடுத்தேன். மூச்சைப் பிடித்துப் பிடித்துத் தலை சுற்றியதுதான் மிச்சம்.

திருவிழாவுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வழக்கம்போலக் கீழ் வீட்டு போனுக்குக் கூப்பிட்டார்.

“தோ பாரு, தொடைல அடிக்கிற அந்த ஒரு போட்டோ எனக்கு ஓணும். தம்பி மூஞ்சி பளிச்சினு தெரியணும். கை ஆடக் கூடாது.”

“சரிங்க.”

“கூட்டம் நெரிக்கும். பாப்பா கைய மட்டும் வுட்றாத. வுட்டுட்டு அப்பறம் என்னாண்ட அழுதுக்கினு—”

அங்கே போன் கார்டு தீர்ந்துவிட்டது. “எந்தக் கைங்க?” என்று நான் கேட்டது குவைத் போய்ச் சேரவில்லை.

வதம் காலை பதினோரு மணிக்கு என்று நோட்டீஸில் போட்டிருந்தது. பத்தரைக்கே கயிற்றுக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிட்டேன். மண்டையைப் பிளக்கிற வெயில். கேமராவுக்குள் இருக்கிற வெளிச்சம் காட்டும் ஊசி துள்ளிக்கொண்டிருந்தது. இதற்கா நான்கு பக்கம் எழுதினார் என்று நினைத்தேன். நினைத்திருக்கக் கூடாது.

துரியோதனன் சாகவில்லை. காரணம், சீஃப் கெஸ்ட் வரவில்லை.

சீஃப் கெஸ்ட் ஒரு காண்ட்ராக்டர். இந்த வருடப் பந்தலும் மைக் செட்டும் அவர் உபயம். ஜெனரேட்டரும் அவரே கொண்டுவருவதாக ஏற்பாடு. அவர் வராமல் அடித்தால் மரியாதை இல்லையாம். பாஞ்சாலியின் பதிமூன்று வருட சபதம், பதினெட்டு நாள் யுத்தம், எல்லாம் ஒரு வெள்ளைக் காருக்காகக் காத்திருந்தன.

பன்னிரண்டு ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பீமன் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து கோலி சோடா குடித்தான். துரியோதனன் வேஷம் கட்டியிருந்தவர் பால்காரர் முனிரத்தினம். அவர்தான் பொறுமை இழந்தார்.

“எப்பப்பா என்னிய சாவடிக்கப் போறீங்கோ? மூணு மணிக்கு மாடு கறக்கணும்யா!”

“காரு புத்தூரு தாண்டிடிச்சாம் அண்ணே, வந்துக்கினே கீதாம்.”

“காலைலருந்து வந்துக்கினே கீது. அவுரு இன்னா காசிலேர்ந்தா வராரு?”

மூன்றரைக்கு அவர் கிரீடத்தைக் கழற்றி வைத்துவிட்டு, முகச்சாயத்தோடு சைக்கிளில் போய் மாடு கறந்துவிட்டு வந்தார். எருமை பயப்படவில்லை என்று கேள்வி.

அந்த இடைவெளியில் குமாரிடம் போனேன். “தம்பி, வெளிச்சம் போய்க்கொண்டே இருக்கிறது. கதாயுதத்தை ஓங்கும்போது ஒரு செகண்ட் அசையாமல் நில்லு.”

“ஒரு செகண்ட் இன்னா அண்ணி? அண்ணனுக்காவ ஒரு நிமிசம் நிக்கிறேன். பாத்துக்கினே இருங்க.”

பாப்பா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நான்கு வயது. மஞ்சள் கவுன். காலையிலிருந்து என் பேச்சில் இருந்தது ஒன்றுதான் — நைனாவுக்கு போட்டோ, நைனாவுக்கு போட்டோ. நைனாவை அவளுக்குத் தெரிந்ததே போட்டோவில்தான். அவர் கிளம்பியபோது இவளுக்கு ஒரு வயது.

ஆறேகாலுக்குக் கார் வந்தது. காண்ட்ராக்டர் இறங்கினார். பாதி தெலுங்கு, பாதி தமிழில், ஊர் எப்படி முன்னேறிக்கொண்டிருக்கிறது என்று ஒரு நீண்ட உரை. முடிக்கும்போது கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர்? அது பின்னாலேயே லாரியில் வந்துகொண்டிருந்தது. இன்றுவரை வந்துகொண்டிருப்பதாகவே நம்புகிறேன்.

சூரியன் மலைக்குப் பின்னால் இறங்கிவிட்டது. ஊசி படுத்துவிட்டது.

சண்டை ஆரம்பித்தது. ஒரு கையில் கேமரா, ஒரு கையில் பாப்பா. நூற்றி இருபத்தைந்து... அறுபது... முப்பது. அவள் ஒருமுறை இழுத்தாள், ஒரு படம் போயிற்று. மூக்கைச் சொறிந்தாள், இன்னொன்று. பயத்தில் ஃபிளாஷையும் போட்டுப் பார்த்தேன். முன்னால் நின்றவரின் வழுக்கை மட்டும் சூரியோதயம் மாதிரி ஜொலித்தது.

முப்பத்தைந்து படம் முடிந்தது. இருப்பது ஒன்று. பீமன் தொடையருகே போய்விட்டான்.

“பாப்பா, அம்மா புடவையை இறுக்கப் பிடிச்சுக்கோ. விடக் கூடாது. சரியா?”

“சரிம்மா.”

கையை விட்டேன்.

இரண்டு முழங்கையும் விலாவில். நம்பர் பதினைந்தில். குமார் கதாயுதத்தை ஓங்கினான். ஓங்கி... நின்றுவிட்டான். ஸ்டூடியோவில் கல்யாண போட்டோவுக்கு நிற்பார்களே, அப்படி. நெஞ்சை நிமிர்த்தி, கண் இமைக்காமல். பம்பை நின்றது. கூட்டம் நின்றது. ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது.

“எட்த்துக்கினீங்களா அண்ணி?”

மண் தொடைக்குப் பக்கத்தில் படுத்திருந்த துரியோதனனுக்குத்தான் தாங்கவில்லை. “டேய், அடிச்சித் தொலைடா! எறும்பு கடிக்குதுடா!”

மூச்சைப் பிடித்தேன். மெதுவாக அழுத்தினேன்.

கிளிக்.

அடி விழுந்தது. பானை உடைந்தது. ‘கோவிந்தா’ என்று ஒரு சத்தம். கயிறு அறுந்தது. கூந்தல் முடியும்வரைகூடப் பொறுக்காமல், என் இரண்டு பக்கமும் ஆட்கள் மண்ணுக்குப் பாய்ந்து ஓடினார்கள்.

புடவையைத் தொட்டுப் பார்த்தேன். யாரும் பிடித்திருக்கவில்லை.

அடுத்த சில நிமிடங்களைப் பற்றி எழுத முடியாது. எழுதிப் பார்த்தேன், இரண்டு தடவை கிழித்துப் போட்டேன். தரையில் கால்கள். கால்கள், கால்கள், கால்கள். அவற்றுக்கு நடுவே மஞ்சள் நிறத்தைத் தேடினேன். அவ்வளவுதான். கேமரா கழுத்தில் இடித்துக்கொண்டே இருந்தது.

அப்போது பாட்டரி மைக்கில் ஒரு கரகரத்த ஆண் குரல்.

“மஞ்ச கவுனு போட்ட கொழந்த யார்துமா? சீக்கிரம் வந்து வாங்கிக்கினு போங்கோ. நான் கூந்தல் முடிக்கணும்!”

திரௌபதி. டெய்லர் ஏழுமலை. மண் துரியோதனனின் நெஞ்சு மேட்டில் நின்றிருந்தார். இடுப்பில் என் மகள். அவிழ்ந்த கூந்தல் தோளில். ஒரு கையில் குழந்தை, ஒரு கையில் மைக். கூந்தல் முடிய வேண்டுமென்றால் அவருக்கும் இரண்டு கை வேண்டும். பாரதப் போர் அன்று இரண்டாம் தடவையாக நின்றுபோயிருந்தது. முதல் தடவை காண்ட்ராக்டரால். இரண்டாம் தடவை என்னால்.

எப்படிப் போய்ச் சேர்ந்தேன் என்று தெரியாது.

“ஏம்மா, படிச்ச பொண்ணுதான நீ? கொழந்தைய வுட்டுட்டு போட்டோ புட்ச்சிக்கினு கீறியே! கும்பல் தாவறப்போ நான் தூக்கலன்னா இன்னா ஆயிருக்கும்?” — இது முழுவதும் மைக்கில். அணைக்க மறந்துவிட்டார். பக்கத்து ஊருக்கும் கேட்டிருக்கும்.

வாங்கிக்கொண்டேன். அவர் இரண்டு கையாலும் கூந்தலை அள்ளி முடிந்தார். பாப்பா என் காதில் சொன்னாள்: “அம்மா, அந்த ஆண்ட்டிக்குத் தாடி குத்துது.”

போன வாரம் திருப்பதியில் கலர் லேபுக்குப் போனேன். லேப்காரர் படங்களைச் சீட்டு மாதிரிப் பரப்பினார். “ஏமம்மா இது? அன்னி, எல்லாமே ஷேக்கு. போர்ல புயல் அடிச்சுதா?” முப்பத்தைந்தும் அப்படித்தான். பிறகு ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தார். “இது ஒண்ணு மட்டும் சூப்பர். ட்ரைபாட் போட்டீங்களா?”

கடைசிப் படம். கதாயுதம் ஓங்கிய குமார். மீசை முடி ஒவ்வொன்றாக எண்ணலாம். பின்னால் செம்மண் நிறத்தில் வானம். என் கை ஆடவில்லை. குழந்தையை விட்ட கை ஆடுமா?

வலது ஓரத்தில், கயிற்றுக்கு உள்ளே, துரியோதனனின் மண் கைக்குப் பக்கத்தில் மஞ்சள் கவுன்.

கூட்டம் ஓடிவந்தபோது தொலைந்தாள் என்றுதானே நினைத்திருந்தேன்? இல்லை. நான் மூச்சைப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதே என் கண்ணெதிரில்தான் நின்றிருக்கிறாள். நான் பீமனைப் பார்த்தேன்.

அதுவும் எப்படி நிற்கிறாள்! இரண்டு கையும் பக்கத்தில் ஒட்டி, நெஞ்சை நிமிர்த்தி, சித்தப்பா மாதிரியே. நேராக லென்ஸைப் பார்த்துக்கொண்டு.

வீட்டில் அவளிடம் காட்டினேன். “ஏன் பாப்பா அங்கே போனாய்?”

“நைனாவுக்குத்தான போட்டோ? அதான் நானும் நின்னேன்.”

முப்பத்தாறு படம். வழுக்கைத் தலையை எடுத்தேன். கட்டியிருந்த கயிற்றை எடுத்தேன். அவளை ஒன்று எடுக்கத் தோன்றவில்லை. நான்கு பக்கக் கடிதத்திலும் அது இல்லை. அவளே பார்த்துக்கொண்டாள்.

லேப்காரர் உபகாரி. “பாப்பா ஓரத்துல டிஸ்டர்பன்ஸா இருந்தா கட் பண்ணிடலாம்மா. பீமுடு பெருசா வருவாடு” என்றார். இரண்டு விதமாகவும் போட்டு வாங்கி வந்திருக்கிறேன். பீமன் மட்டும் ஒன்று. மகளோடு ஒன்று.

வெட்டியதை அனுப்பினால், “கை ஆடாம எப்படி எடுத்த?” என்று மெச்சுவார். வெட்டாததை அனுப்பினால், பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்கிற மனிதர், ஒரே நிமிடத்தில் கண்டுபிடிப்பார் — கயிற்றுக்கு அந்தப் பக்கம் குழந்தை, இந்தப் பக்கம் தாய். அடுத்த வெள்ளிக்கிழமை போன் வரும். கார்டு தீரவே தீராது.

நான் கையை விட்டது சில நிமிடம். மூன்று வருடமாக விட்டிருப்பவர் யார் என்று திருப்பிக் கேட்கலாம்தான். கேட்கலாமா? அவர் அங்கே வேர்வை சிந்துவது யாருக்காக? ஆனாலும்... எழுதிவிட்டேன். கோடு போட்டு அடிக்க மனம் வரவில்லை.

மகள் அப்பாவுக்காகவே நின்ற ஒரே படம் அது. அதை வெட்டுகிற கத்தரி என் கையில் இருக்கலாமா? வெட்டாமல் அனுப்பி, இரண்டாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு மனிதனை ராத்திரி தூங்கவிடாமல் செய்யலாமா? இரண்டு கவரிலும் விலாசம் எழுதி, இரண்டையும் ஒட்டாமல் வைத்திருக்கிறேன். எந்தக் கவரை ஒட்டட்டும்? சொல்லுங்கள்.

கொஞ்சம் சீக்கிரம். அவருடைய ரூம்மேட் வேலூர்க்காரர் இந்தப் பத்திரிகையை வரவழைக்கிறார்; இவரும் வாங்கிப் படிப்பார். அங்கே போய்ச் சேர மூன்று வாரம் ஆகும். அதற்குள் ஒரு கார்டு போடுங்கள். ஒரு கையால் எழுதினால் போதும் — இன்னொரு கையில் உங்கள் குழந்தையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.