கஞ்சிக்கு ஒரு நாள்

உதட்டில் கவ்விய குண்டூசிகளை எடுக்காமலே பதில் சொல்வார் குல்ஷன். "யக்கா, பெருநாளைக்கு ஊருக்குப் போவலியா?" என்று யாராவது கேட்டால் தையல் மெஷின் ஒரு கணம் நிற்கும். "ஊர்லதான இருக்கேன். வேற எங்கன போவ?" மெஷின் மறுபடி ஓடும், கொஞ்சம் கோபமாக.

சென்னை ராயபுரத்தில் பிறந்தவர். கணவருக்கு லாரி புக்கிங் ஆபீசில் வேலை கிடைத்துக் கோவில்பட்டிக்கு வந்து ஒன்பது வருடமாகிறது. வந்த புதிதில், மழையில் குழைந்த கரிசலில் நடந்து, செருப்பை மண்ணுக்கே கொடுத்துவிட்டு அழுதாராம். இப்போது தூறல் விழுந்தாலே செருப்பு கைக்கு வந்துவிடுகிறது. ஜாக்கெட் தைக்கக் கயத்தாற்றிலிருந்துகூடத் தேடி வருகிறார்கள். ஆனாலும் தெருவுக்கு அவர் 'மெட்ராஸ்காரி'தான். அதைக் கேட்டால் அந்தப் பெரிய கண்கள் கலங்கும், கலங்கியபடியே முறைக்கும்.

நான் அளவு கொடுக்கப் போயிருந்த அன்று, எதிரே பள்ளிவாசல் சுவரிலிருந்த கரும்பலகையில் பெரியவர் ஷேக் தாவூது எழுதிக்கொண்டிருந்தார். நோன்பு மாதத்தில் எந்த நாள் கஞ்சி எந்த வீட்டுப் பொறுப்பு என்கிற பட்டியல். அப்பன், பாட்டன் காலத்திலிருந்து வரும் உரிமை. ஒன்பது வருடமாக அதில் குல்ஷன் வீடு இல்லை.

இன்ச் டேப்பை என் தோளிலேயே விட்டுவிட்டுத் தெருவைக் கடந்தார்.

"மாமா, எம்பேரு எங்க?"

"விருந்தாளிக்கு எதுக்கும்மா அந்தச் சிரமம்? தூக்குவாளியக் கொண்டாந்து வாங்கிட்டுப் போ."

"ஒம்பது வருசம் தங்குத விருந்தாளிய எங்கன பாத்திய? ஒங்க பேத்தி கல்யாணத் துணிய ராவும் பகலும் தச்சது விருந்தாளியா?"

"அதுக்கில்லம்மா... முப்பது நாளும் முடிஞ்சிட்டுல்லா?"

"அப்போ ஒங்க நாள்ல பாதி எனக்கு. அரிசி நீங்க போடுங்க, கறி நான் போடுதேன். நாந்தான் காய்ச்சுவேன். ருசி கொறஞ்சுதுன்னு ஒருத்தர் சொல்லட்டும், அன்னைக்கே ரயில் ஏறுதேன்!"

தெருவே நின்று பார்த்தது. பெரியவர் பலகையைப் பார்த்தார், குல்ஷனைப் பார்த்தார். பிறகு பொக்கை வாயால் சிரித்து விலகி நின்றார்.

"சரி தாயி, எம்பேருக்குப் பக்கத்துல எழுதிக்க. மெட்ராஸ் குல்ஷன்னு போடு. அடையாளம் வேணும்லா?"

துணியில் கோடு போடும் சாக்கட்டி குல்ஷனின் விரலிடுக்கிலேயே இருந்தது. 'குல்ஷன்' என்று மட்டும் எழுதினார். அதற்கு முன்னாலோ பின்னாலோ எதுவும் சேர்க்கவில்லை. பெயரை அடுத்து, சாக்கட்டி இரண்டாக ஒடியும்படி அழுத்தி, ஒரு முற்றுப்புள்ளி வைத்தார்.