சாமியறையைப் பூட்டியவர்

தனபாலன் இறந்த செய்தியை எனக்குச் சொன்னவர் அவருடைய குடும்பத்தாரும் அல்லர், எங்கள் சங்கத்தாரும் அல்லர். கரங்கான் பக்கத்தில் மூடப்பட்ட ஒரு தோட்டத்தில் ரப்பர்ப் பால் மரம் சீவிய அஞ்சலை அக்கா சொன்னார். அப்போது நான் லூனாஸ் பாசாரில் மீன்காரரிடம் கெம்போங் மீன் கேட்டு நின்றிருந்தேன்.

“டீச்சர், உங்க தனபாலன் சார் போயிட்டாராம். காலையிலதான். நெஞ்சு வலியாம்.”

நான் பதில் சொல்வதற்குள் அவரே தொடர்ந்தார். “எப்ப எடுக்கிறாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க. நாங்களும் வரணும்.”

‘உங்க’ என்று அவர் சொன்னதை நான் கவனித்தேன். அதில் அழுத்தம் எதுவும் இல்லை. அவருக்குத் தனபாலன் என்றும் என்னுடைய ஆள்தான். நான்தான் அவரை அந்த மக்களிடம் கூட்டிப் போனேன்.

இதைப் படிப்பவர்களில் பலர் அவரை அறிந்தவர்கள். நில அளவையாளராக வேலை பார்த்து, முன்னதாகவே ஓய்வு வாங்கிக்கொண்டு, சுங்கைப்பட்டாணியில் காடுகளைக் காக்க ஒரு சிறிய சங்கம் நடத்தினார். இரங்கல் கூட்டத்தில் அவரைக் காட்டின் காவலர் என்று பலரும் புகழ்ந்தார்கள். அதில் பொய்யில்லை. ஆனால் எனக்குத் தெரிந்த மீதியைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது அஞ்சலியாக இருக்காது. கல்லூரியில் தாவரவியல் கற்பிக்கும் நான் அந்தச் சங்கத்தில் அவரோடு பல ஆண்டுகள் வேலை செய்தேன். அவர் என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அண்ணே என்று அழைத்தேன். நான் எளிதில் யாரையும் அப்படி அழைப்பவள் அல்ல.

முதலில் அவருடைய நல்ல நாள் ஒன்றைச் சொல்கிறேன். செமிலிங் பக்கத்துச் சதுப்புநிலக் காட்டைப் பாதுகாப்பது பற்றிய கூட்டம். யாரும் உள்ளே நுழையாதபடி முழுவதும் அடைத்துவிடலாம் என்று மேசையைச் சுற்றி இருந்தவர்கள் ஏறக்குறைய முடிவு செய்திருந்தார்கள். தனபாலன் வாதாடவில்லை. எல்லாரையும் படகில் ஏற்றினார். பாக்காவ் எனும் அலையாத்தி மரங்களின் வேர்களுக்கிடையே கூண்டு வைத்து நண்டு பிடிப்பவர்களைக் காட்டினார். ஓர் இடத்தில் படகை நிறுத்தி, வெட்டப்பட்ட மரங்களின் அடிக்கட்டைகளைக் காட்டினார். அந்தப் பக்கம் நண்டு பிடிப்பவர் யாரும் போவதில்லை என்றார். பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: “நண்டு பிடிக்கிறவன் உள்ள இருந்தாத்தான் வாசுகி, மரம் வெட்டுறவன் உள்ள வரமாட்டான்.”

நண்டு பிடிப்பவர்களுக்கு வழி விட்டுத்தான் அந்தக் காடு காப்பாற்றப்பட்டது. வரைபடத்தில் இருக்கும் கோட்டை நடந்து பார்க்காமல் யாரும் பேசக் கூடாது என்பது அவர் வழக்கம். அந்தப் படகில்தான் அவரை முழுமையாக நம்பத் தொடங்கினேன்.

கரங்கானுக்கு அப்பால் உள்ள குன்று அதற்கு அடுத்து வந்தது. அடிவாரம் முழுதும் செம்பனை. மேலே பழைய காடு. அதிலிருந்து இறங்கும் ஓடைதான் கீழே உள்ள தாமான் குடியிருப்பு வீடுகளுக்குக் குடிநீர். அஞ்சலை அக்கா வேலை பார்த்த தோட்டத்தை மூடியபோது அதன் லயத்துக் குடும்பங்கள் அந்தத் தாமானுக்கு வந்துவிட்டன. ஆனால் அவர்களுடைய முனியாண்டி வரவில்லை. ஓடை பிரியும் இடத்தில், ஒரு பெரிய துவாலாங் மரத்தடியில், நட்டு வைத்த கல் அது. ஆண்டுக்கு ஒரு முறை, ஆடியில், எல்லாரும் ஏறிப் போய்ப் பொங்கல் வைப்பார்கள். கல்லைப் பெயர்த்துக் கீழே கொண்டுவர அவர்களுக்கு மனம் இல்லை. அந்த இடத்தில்தான் அவர் இருக்கிறார் என்றார்கள்.

குன்றின் மேல் டுரியான் தோட்டம் போடச் சிலர் கண் வைத்திருந்தார்கள். அதற்குள் காட்டைப் பாதுகாப்பு வகைக்குள் கொண்டுவர வேண்டும். அதற்குச் சுற்றி வாழும் மக்களின் சம்மதம் வேண்டும். தாமானின் பொது மண்டபமான டேவானில் கூட்டம் போட்டோம். காடுகளில் பல வகை உண்டு என்பதைத் தனபாலன் அன்று விளக்கியதுபோல் நான் வகுப்பில் ஒரு நாளும் விளக்கியதில்லை.

“உங்க வீட்டையே எடுத்துக்குங்க,” என்றார். “வாசல்ல செருப்போட நிக்கலாம். அது மாதிரி ஒரு காடு. குடும்பத்தோட போகலாம், குளிக்கலாம், சமைச்சுச் சாப்பிடலாம். கூடத்துக்குள்ள வந்தா செருப்பைக் கழட்டணும். அது இன்னொரு வகை. அளவாத்தான் எடுக்கணும், கேட்டுத்தான் வெட்டணும். சாமியறைன்னு ஒண்ணு இருக்கே, அங்க கண்டவங்க போறதில்ல. இந்த மலையைச் சாமியறையா வச்சிருவோம்.”

பின்வரிசையில் ஒருவர், “சார், எங்க வீட்டுல எல்லாம் ஒரே ரூம்தான் லா,” என்றதும் டேவானே சிரித்தது. தனபாலனும் சிரித்தார்.

அஞ்சலை அக்கா சிரிக்கவில்லை. எழுந்து நின்று, அவரை விட்டுவிட்டு என்னைப் பார்த்துக் கேட்டார். “சார் பேசுறது நல்லாத்தான் இருக்கு. டீச்சர், நீங்க சொல்லுங்க. ஆடிப் பூசைக்கு எங்கள விடுவாங்களா, மாட்டாங்களா?”

நான் கேள்விகள் கேட்டே பழகியவள். அன்று காலை காரில் வரும்போதே இதைக் கேட்டிருந்தேன். பூசைக்கு ஒரு நாள் என்பதைத் திட்டத்தில் சேர்த்தாயிற்றா என்று ஒரு முறையும், நிச்சயமாகவா என்று மறுமுறையும். “எழுதியாச்சு வாசுகி, நீ வேற,” என்றார் அவர். டேவானில் மறுபடியும் அவர் முகத்தைப் பார்த்தேன். தலையசைத்தார்.

“விடுவார்கள்,” என்றேன்.

அவர்கள் கையெழுத்துப் போட்டார்கள்.

அடுத்த ஆடியில் அடிவாரத்தில் இரும்புக் கேட்டு நின்றது. அத்துமீறினால் தண்டனை என்ற பலகையும் நின்றது. பானை, அரிசி, சேவல், பிள்ளைகுட்டிகளோடு வந்தவர்களைக் காவலர் நிறுத்தினார். மரியாதையான மலாய்க்காரர். “தாக் போலே, காக்,” முடியாது அக்கா, என்று திரும்பத் திரும்பச் சொன்னாராம். அஞ்சலை அக்கா எனக்கு அழைத்தார். நான் தனபாலனுக்கு அழைத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அவர்கள் கேட்டுக்கு வெளியே, செம்பனை வரிசையில், மலையைப் பார்த்துப் பொங்கல் வைத்துவிட்டுப் போனார்கள்.

ஏதோ தவறு நடந்துவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன். சரி செய்யலாம் என்று அந்தத் திட்டத்தோடு தொடர்புடைய ஓர் அதிகாரியைப் போய்ப் பார்த்தேன். அவர் தனபாலனைப் பாராட்டும் விதமாகவே சொன்னார். பூசைக்கு ஒரு நாள் என்பது வரைவில் இருந்ததாம். உங்கள் ஆள்தான் கடைசிக் கூட்டத்தில் அதை எடுக்கச் சொன்னார், கெட்டிக்காரர் என்றார். அந்தக் கடைசிக் கூட்டம் நடந்தது டேவான் கூட்டத்துக்கு முந்தைய வாரம்.

பீடோங்கில் அவர் வழக்கமாகப் பசியாறும் பாய் கடையில் அவரைப் பிடித்தேன். கடைக்காரர் எங்கள் இருவரையும் அறிவார். தே தாரிக் பால்தேநீரை வைத்துவிட்டு, “என்னா சார், டீச்சர் மொகம் சரியில்லையே? கோழிக் கறிய நீங்களே முடிச்சிட்டீங்களா?” என்றார். யாரும் சிரிக்காததைக் கண்டு நகர்ந்துவிட்டார்.

“நீங்கள்தான் எடுக்கச் சொன்னீர்களா, மிஸ்டர் தனபாலன்?”

“மிஸ்டர் ஆயிட்டேனா?” என்றார். பிறகு, “ஆமா,” என்றார். மறைக்கவில்லை. “ஒரு ஆளுக்கு வழி விட்டா அந்த வழியில லாரி வரும், வாசுகி. டுரியான்காரன் நாளைக்கே ஒரு கல்லை நட்டு, எனக்கும் சாமி இருக்குன்னு வருவான். அப்ப என்ன செய்வ?”

“செமிலிங்கில் வேறு மாதிரி சொன்னீர்கள்.”

“அது வேற காடு.”

“எனக்குச் சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நீ அவங்ககிட்டப் போய்ச் சொல்லியிருப்ப.” ரொட்டியைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். “நான் சொன்னா நம்ப மாட்டாங்க. நீ சொன்னா நம்புவாங்க. காடு இருந்தாத்தானே அப்புறம் அதுக்காகச் சண்டை போடலாம்? பூசை எங்க போயிடப் போவுது, பாத்துக்கலாம்.”

நான் எழுந்து வந்துவிட்டேன். அவர் என்னிடம் பொய் சொன்னது ஒரு பக்கம். என் பேச்சுக்கு அந்த மக்களிடம் இருந்த மதிப்பை அளந்து பார்த்து, அதைத் தன் வேலைக்கு எடுத்துக்கொண்டார். எதையும் லேசில் நம்பாதவள் என்று எனக்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரும் அவருக்குப் பயன்பட்டிருக்கிறது. சங்கத்திலிருந்து விலகினேன். அதன் பிறகு எங்காவது எதிர்ப்பட்டால் நலம் விசாரித்துக்கொள்வோம். மிஸ்டர் என்றுதான் அழைத்தேன்.

இங்கே ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அவர் சொன்னது நடந்தது. பக்கத்துக் குன்றைப் பொழுதுபோக்குக் காடாக, அவர் மொழியில் வாசலாக, விட்டிருந்தார்கள். முதலில் கடைகள் வந்தன. பிறகு மேலே ஏற ஒரு பாதை வந்தது. அந்தப் பாதையில் டுரியான் கன்றுகள் ஏறின. மழை பெய்தால் அந்தப் பக்கத்து ஓடை தே தாரிக் நிறத்தில் ஓடுகிறது. அஞ்சலை அக்கா வீட்டுக் குழாயில் தண்ணீர் தெளிவாக வருகிறது. இதை ஒரு நாள் அக்காவிடமே சொன்னேன். சொல்லியிருக்க வேண்டாம்.

“தண்ணி நல்லாத்தான் வருது,” என்றார். “அதுக்குத்தானே எங்க சாமியக் குடுத்தோம். ஆனா கேட்டு வாங்கியிருக்கலாம்லா, டீச்சர். நம்ம தண்ணிக்குன்னு கேட்டிருந்தா, நாங்க என்ன குடுக்காமலா போயிருப்போம்?”

தனபாலன் ஒருபோதும் யோசித்துப் பார்க்காத வழி அது. உண்மையைச் சொல்லிக் கேட்டால் மறுத்துவிடுவார்கள் என்று அவர் முடிவு செய்திருந்தார். காட்டை நடந்து பார்த்தவர், மனிதர்களிடம் அந்தப் பொறுமையைக் காட்டவில்லை.

அடக்கத்தன்று தாமானிலிருந்து ஒரு வேன் நிறையப் பெண்கள் வந்தார்கள். கேட்டில் நிற்கும் அதே காவலரும் வந்திருந்தார். கண் கலங்கியிருந்தார். வந்தவர்களிடம் மலாயில் ஒரு செய்தி சொன்னார். அந்தப் பூசை நாள் வரும்போதெல்லாம் என்சிக் தனபாலன், அதாவது தனபாலன் ஐயா, ஆய்வு அனுமதியோடு தனியாக ஏறுவாராம். பையில் தேங்காயும் சூடமும் இருக்குமாம். அந்தக் கல்லைச் சுற்றிக் கிடக்கும் சருகைக் கூட்டி, சூடம் காட்டிவிட்டு இறங்குவாராம். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்பாராம்.

சுற்றி நின்றவர்கள் உருகிப் போனார்கள். “பாத்தீங்களா, மனுசன் மனசுலயே வச்சிருந்திருக்காரு,” என்றார் சங்கத்துக்காரர் ஒருவர்.

அஞ்சலை அக்காவுக்கு மலாய் நன்றாகத் தெரியும். காவலர் சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு உரத்த குரலில், “எங்கள கேட்டுலயே நிறுத்திட்டு, எங்க சாமிக்கு இவரு போயி தேங்கா ஒடச்சாராமா? யாரு இவரக் கேட்டா?” என்றார்.

“சாவு வீடு லா, அக்கா, சத்தம் போடாதீங்க,” என்று பக்கத்தில் இருந்த பெண் கையைப் பிடித்தார்.

“சாவு வீடுன்னா என்னா? சாமியறைன்னு சொல்லிட்டு, வீட்டுக்காரங்கள வெளிய தள்ளிப் பூட்டிட்டாரு. அப்புறம் இவரு மட்டும் உள்ள போயி கும்பிட்டுக்கிட்டாரு.”

அந்தச் செய்தி மற்றவர்களுக்கு அவரை மன்னிக்கக் காரணமாக இருந்தது. எனக்கு அப்படி இல்லை. அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒவ்வோர் ஆடியிலும் தெரிந்திருக்கிறது. திறந்துவிடச் சொல்ல அவருக்கு இத்தனை ஆடிகள் இருந்தன. அவர் சூடத்தோடு நிறுத்திக்கொண்டார்.

அஞ்சலை அக்கா போகாமல் நின்றார். வரிசையில் வந்து பெட்டிக்குள் பூவைப் போட்டார். அந்த முகத்தைச் சிறிது நேரம் பார்த்தார். பேரப்பிள்ளையிடம் கேட்பதுபோல் மெதுவாக, “சாவி எங்க, சார்?” என்றார்.

பின்னால் நின்ற எனக்கு மட்டும்தான் அது கேட்டிருக்கும்.

இப்போது அந்தக் குன்றின் பராமரிப்புத் திட்டத்தை மறுபடியும் எழுத இருக்கிறார்கள். குழுவில் அவர் உட்கார்ந்த இடத்துக்கு என்னைக் கேட்டார்கள். எனக்கு ஓர் இடம், தாமான்காரர்களுக்கு ஓர் இடம் என்றால் வருகிறேன் என்றேன். நிறைய யோசித்து, சரி என்றார்கள். காட்டைத் திறந்துவிடச் சொல்லும் எண்ணம் எனக்கு இல்லை. அது சாமியறையாகவே இருக்கட்டும். ஒரு நாள், அந்த வீட்டுக்காரர்களுக்கு. லாரி வருமே என்று யாராவது கேட்பார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். பதிலைத் தாமான்காரர்களோடு உட்கார்ந்து தேட வேண்டும்.

போன வாரம் அஞ்சலை அக்காவும் நானும் குன்றின் எல்லையை, வெளிப்பக்கமாகவே, எல்லைக்குறியாகச் சிவப்புச் சாயம் பூசிய மரங்களைப் பார்த்துக்கொண்டு நடந்தோம். நடந்து பார்க்காமல் பேசக் கூடாது. அதைத் தனபாலனிடமிருந்து எடுத்து வைத்துக்கொண்டேன். அவர் கொடுத்துவிட்டுக் காப்பாற்றாத வாக்கும் என்னிடம்தான் இருக்கிறது, அது என் வாயிலிருந்து வந்ததால். இந்த இரண்டைத் தவிர வேறெதையும் வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை.

கேட்டுக்கு எதிரே வந்ததும் அஞ்சலை அக்கா நின்றார். “கூட்டத்துல இந்தத் தடவை நீங்க பேச வேணாம், டீச்சர். பக்கத்துல உக்காருங்க, போதும். நான் கேட்டுக்கிறேன்.” கம்பிகளுக்கு இடையே மேலே பார்த்தார். “விடுவாங்களா?”

தெரியாது என்றேன்.