கிழமைக்கு ஒரு தேங்காய்

இந்த ஊரில் தேங்காயைத் துண்டு போட்டு விற்கிறார்கள். அனகாபுத்தூருக்கு நாங்கள் வந்த புதிதில், தெருமுனை மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நின்ற பெண், "பத்து ரூபாக்கு தேங்கா பத்தை குடுண்ணா" என்றாள். கடைக்காரர் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் கையை விட்டு இரண்டு கீற்றுகளை எடுத்துக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். நான் வீட்டுக்கு வந்து என் கணவரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். "தேங்காயில துண்டு வாங்கிச் சமைக்கிற சனமும் இருக்குதப்பா" என்றேன். கடலுக்கு அந்தப் பக்கம், எங்கள் ஊர் முள்ளியவளையில் ஒருத்தி வந்து வேலியோடு நின்று தேங்காயில் ஒரு துண்டு கேட்டிருந்தால், பாவம் இவளுக்கு என்னவோ ஆகிவிட்டது என்று முழுத் தேங்காயைக் கையில் கொடுத்து அனுப்பியிருப்போம். இப்போது அந்தத் தண்ணீர்ப் பாத்திரத்துக்குள் பெரிய கீற்று எது என்று எட்டிப் பார்ப்பவள் நான்தான்.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்கள், அங்கேயும்தான் தேங்காய் விலை ஏறிக் கிடக்கிறது என்பீர்கள். தெரியும். ஆனால் இரவில் முற்றத்தில் 'தொம்' என்று விழுகிற தேங்காய்க்கு விலை கிடையாது. நாங்கள் கறிக்குத் தேங்காய் சேர்க்கிற ஆட்கள் இல்லை, தேங்காய்க்குள் கறியைச் சேர்க்கிற ஆட்கள். முதல் பால் சொதிக்கு, இரண்டாம் பால் பருப்புக்கு, துருவல் புட்டுக்கு, மிச்சம் சம்பலுக்கு. இதை இங்கே ஒருவருக்கும் விளங்கப்படுத்த முடியவில்லை. ஒருநாள் கடையில் பத்தை வாங்கும்போது, "சட்னிக்காம்மா?" என்று கேட்டார் கடைக்காரர். "இல்லை அண்ணா, பால் எடுக்க" என்றேன். அவர் திரும்பி ஒரு பசும்பால் பாக்கெட்டை எடுத்து வைத்தார். "இந்தப் பால் இல்லையண்ணா. கத்தரிக்காய்க்கு விடுகிற பால்." அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "கத்திரிக்காய்க்கு எதுக்குமா பாலு? காய் வாங்கவே காசு இல்லன்றாங்க, நீ இன்னான்னா பால ஊத்துறன்ற" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய?

சிரிக்க முடிந்த காலம் அது. என் கணவர் அப்போது திருமுடிவாக்கத்தில் தகடு வெட்டுகிற ஒரு பட்டறையில் வேலை செய்தார். கிழமைக் கூலி சனிக்கிழமை கைக்கு வரும். நான் வீட்டில் இருந்து சேலைக்கு ஓரம் அடித்துக் கொடுப்பேன். ஆரணி, எங்கள் ஒரே பிள்ளை, வரும்போது சின்னப் பெண்ணாக இருந்தவள், ஒன்பதாம் வகுப்புக்கு வந்துவிட்டாள். அகதி முகாமுக்கு வெளியே, காவல் நிலையத்தில் பதிந்து இருக்கிற ஆட்கள் நாங்கள். ரேஷன் அட்டை இல்லை. ஆனாலும் ஓடியது. இந்த வருடம் ஆடி பிறக்க முதல் இவருடைய வலது கையைத் தகடு கிழித்தது. முதலாளி முதல் நாள் வைத்தியச் செலவைக் கொடுத்தார், பிறகு தொலைபேசியை எடுப்பதை நிறுத்திக்கொண்டார். எந்தப் பதிவிலும் பேர் இல்லாத வேலை. யாரிடம் போய் வாய் திறப்பது?

அதற்குப் பிறகு எங்கள் வீட்டுக் கிழமை சனிக்கிழமையில் தொடங்கவில்லை, என் தையல் கூலி வருகிற நாளில் தொடங்கியது. அதுவும் ஒரு நாளாக வராது. சந்தைக்குப் போகிறதில் மட்டும் எனக்கு ஒரு அதிர்ஷ்டம். இங்கே பெண்களுக்குப் பேருந்தில் காசு இல்லை. நடத்துநர் டிக்கெட்டைக் கிழித்து நீட்டுகிறாரே தவிர, நீ எந்த நாட்டுப் பெண் என்று கேட்பதில்லை. அப்படி ஏறித் தாம்பரம் போவேன். கடை கட்டுகிற நேரத்தில் மரக்கறியைக் குவியல் குவியலாகக் கூறு வைத்துத் தள்ளிவிடுவார்கள். நசிந்த தக்காளி, முற்றின வெண்டைக்காய், வாடின கீரை. பேருந்தில் திரும்பி வரும்போதே மனதுக்குள் சமைத்து முடித்துவிடுவேன். கீரை நாளைக்குத் தாங்காது, ஆகவே முதலில் அது. தக்காளி ரசத்துக்கு. வெண்டைக்காயைப் புளியில் போட்டால் இரண்டு நாள் இழுக்கலாம். பூசணி எப்போதும் கடைசி, அது பொறுமைசாலி. அரிசிக்குக் கவலை இல்லை. எங்கள் வீட்டுச் சொந்தக்காரி பரிமளா அக்கா தங்கள் ரேஷன் அரிசியைத் தருவார், நான் அவருடைய சேலைகளுக்குச் சும்மா ஓரம் அடித்துக் கொடுப்பேன். ஒரு முட்டை ஆரணிக்கு, ஒரு முட்டை இவருக்கு. எல்லாவற்றையும் எப்படியோ பொருத்திவிட்டேன், தேங்காயைத் தவிர. கிழமைக்கு மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, பிறகு அந்த ஒன்றும் பத்தையாகிவிட்டது.

ஆகவே வீட்டில் சாம்பாரும் ரசமும் ஆயிற்று. ஆரணிக்கு அதில் சந்தோஷம். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு பகிர்ந்து சாப்பிட்டு அவளுடைய நாக்கு எப்போதோ இந்த ஊர் நாக்காகிவிட்டது. இவரால்தான் முடியவில்லை. முதலில் குறை சொன்னார். பிறகு குறை சொல்வதையும் விட்டார். சோற்றுக் கோப்பையைப் பார்ப்பார், இரண்டு வாய் வைப்பார், "போதும்" என்பார். சாப்பிட்டால்தான் புண் ஆறும் என்று டாக்டர் தலையில் அடித்துச் சொன்னார். புண் ஈரமாகவே கிடந்தது. சேர்ட்டுக்குள் ஆளைத் தேட வேண்டியிருந்தது. ஒருநாள் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார், "நான் ஊருக்குப் போறனப்பா. எழுதிக் குடுக்கப் போறன். இந்தக் கையோட இஞ்ச கிடந்து என்ன செய்ய? செத்தாலும் அங்க சாகிறன்." ஆரணி புத்தகத்தில் இருந்து தலையைத் தூக்கவில்லை. "நானும் வரணுமா?" என்று மட்டும் கேட்டாள். அங்கே வீடு கிடக்கிறது, தென்னை கிடக்கிறது, வேலை இல்லை. இங்கே பிள்ளையின் படிப்பு இருக்கிறது, தகப்பன் கண் முன்னால் உருகிக்கொண்டிருக்கிறார். யாரைப் பிடிப்பேன், யாரை விடுவேன்? ஒரு நேரம், ஒரே ஒரு நேரம் இவர் வயிறாரச் சாப்பிட்டுவிட்டால் போதும், இந்த மனுசன் நிமிர்ந்து இருப்பார் என்று எனக்குள் ஒரு பைத்தியம் பிடித்துக்கொண்டது.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் அதைக் கண்டேன். பின்னேரம், தைத்த சேலைகளைக் கொடுத்துவிட்டு வருகிறேன். மளிகைக் கடைக்கு அடுத்தாற்போல ஒரு சின்னப் பிள்ளையார் கோயில். அதற்கு முன்னால், வீதியில், உடைத்த தேங்காய்த் துண்டுகள். நல்ல முற்றின காய், வெள்ளை வெளேரென்று. ஒரு துண்டின் ஓட்டில் கற்பூரம் எரிந்த கறுப்பு. எங்கள் ஊரில் கற்பூரம் கொளுத்திப் பிள்ளையாருக்குச் சிதறு தேங்காய் அடிப்பதைக் கண்டு வளர்ந்தவள் நான். அதைப் பொறுக்குவதில் வெட்கம் இல்லை, அடித்தவனுக்கு அது புண்ணியம். பிள்ளையாரே பார்த்துத் தந்தார் என்று கண்ணில் ஒற்றிக்கொண்டு துண்டுகளைப் பைக்குள் போட்டேன். கண் கலங்கிவிட்டது, பொய் சொல்லவில்லை.

அன்று வீடு முழுக்க எங்கள் வீட்டு மணம். கழுவி, துருவி, முதல் பாலை அப்படியே சொதிக்கு விட்டேன். புட்டு அவித்தேன். மிஞ்சினதில் சம்பல் இடித்தேன். இவர் இடது கையால் கரண்டியில் அள்ளி அள்ளிச் சாப்பிட்டார். இன்னும் கேட்டார். கோப்பையை வழித்துவிட்டு, "எங்கயப்பா தேங்காய்?" என்றார். "பிள்ளையார் தந்தவர்" என்றேன். எத்தனையோ நாளைக்குப் பிறகு சிரித்தார். ஆரணி மட்டும் சொதியைத் தொடவில்லை. வயிறு சரியில்லை என்று வெறும் புட்டில் சீனி போட்டுக் கொஞ்சம் தின்றாள். நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

அடுத்த நாள் காலையில் பரிமளா அக்கா கதவடியில் வந்து நின்றார். "இன்னா, நேத்து வூடே மணந்துது? விசேஷமா?" சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். அவருடைய முகம் மாறியது.

"கோயில் முன்னாடி ரோட்டுல கெடந்ததா? ஐயய்யோ, அது சாமிக்கு ஒடைச்சதில்லமா! நேத்து அமாவாசை. கடைக்காரர் கடைக்கு திருஷ்டி சுத்தி ஒடைச்சது. தெருக்கண்ணு மொத்தமும் அதுல கீது. அதையா எடுத்துகினு வந்து ஆக்குன?"

"கற்பூரம் எரிஞ்ச கறுப்பு இருந்ததக்கா. பிள்ளையாருக்கெண்டு நினைச்சிட்டன்."

"கற்பூரம் ஏத்திதான் சுத்துவாங்க. சாமிக்குன்னா கோயில் வாசக்கல்லுல ஒடைப்பாங்க. உங்க ஊர்ல இதெல்லாம் கெடையாதா?"

"நாவூறு கழிக்கிறது இருக்கு. கடைக்குச் செய்து நான் காணேல்லை."

அவர் குரலைத் தாழ்த்தினார். "சரி, வுடு. யாராண்டயும் சொல்லாத. அண்ணனுக்கு உப்பு மொளகா சுத்தி அடுப்புல போடு. இனிமே கெடந்தா தாண்டக்கூட தாண்டாத, சுத்தி வா."

உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டேன். மிளகாய் நெடி வந்ததா இல்லையா என்று கூடக் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. இவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஊராருடைய பொறாமையை எல்லாம் பால் பிழிந்து, புண்ணோடு கிடக்கிற மனுசனுக்கு என் கையாலேயே ஊட்டிவிட்டேனே. ஆரணி பள்ளிக்கூடத்தால் வந்ததும் அவளைக் குளியலறைப் பக்கம் கூட்டிப் போய்க் கேட்டேன், "நேற்று ஏன் சொதி சாப்பிடேல்லை?"

"அது சுத்திப் போட்ட தேங்கான்னு எனக்குத் தெரியும்மா. ஓட்டுல கரி இருந்துச்சே."

"தெரிஞ்சும் ஏன் சொல்லேல்லை?"

"அப்பா சாப்பிட்டுட்டு இருந்தாரு" என்றாள். பிறகு சீருடையை மாற்றப் போய்விட்டாள்.

இவருக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு நாள் நிமிர்ந்து இருந்தார். "இண்டைக்கும் சொதியோ?" என்று கேட்டார். இல்லை என்றதும் பழையபடி இரண்டு வாய், போதும். அடுத்த கிழமையும் அப்படியே. அதற்கு அடுத்த கிழமை யாரிடமோ சொல்லித் திரும்பிப் போகிற படிவத்தை வாங்கிக்கொண்டு வந்தார். இடது கையால் எழுத வரவில்லை. ஆரணியை நிரப்பித் தரச் சொன்னார். பரீட்சை இருக்கிறது, முடியட்டும் என்று அவள் நாளைக் கடத்தினாள். நான் கூறு வாங்கினேன், பூசணியை இழுத்தேன், பத்தையை நான்காம் தரமும் பிழிந்தேன். அது பால் இல்லை, கழுவின தண்ணீர். அதையும் விட்டேன், இவர் அதையும் கண்டுபிடித்தார்.

மறுபடி அமாவாசை வந்தது. வேண்டுமென்றே போகவில்லை என்று எழுதினால் அது பொய். விளக்கு வைக்கிற நேரம், பையோடு போய்த் தெருமுனையில் மின்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றேன். கடைக்காரர் வெளியே வந்தார். தேங்காயின் மேல் கற்பூரத்தை ஏற்றிக் கடைவாசலில் சுற்றினார். "ஊருக்கண்ணு, ஒறவுக்கண்ணு, போறவங்க கண்ணு, வர்றவங்க கண்ணு" என்று அவர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தக் கடையை என்னைப் போல வெறித்துப் பார்த்தவர் இந்தத் தெருவில் யார்? தொங்குகிற வாழைக்குலையை, அடுக்கின முட்டையை, மூலையில் குவித்த தேங்காயை ஒவ்வொரு நாளும் கண்ணால் அளந்துகொண்டு பத்தையோடு திரும்பினவள் நான்தானே. இந்தத் தெருவில் நான் ஊரும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் கண் என்று வந்தால் என்னையும் சேர்த்துத்தான் சுற்றுகிறார்கள்.

அவர் தேங்காயை ஓங்கி வீதியில் அடித்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனார். திரும்பிப் பார்க்கக் கூடாது, அது முறை. நான் வீதிக்கு இறங்கினேன். இதில் யாருடைய கண் இருந்தாலும் என்னுடையதுதான் அதிகம், என் கண் என் வீட்டுக்கு வராமல் வேறு எங்கே போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒரு பாதி உருண்டு சாக்கடைக்குள் விழுந்துவிட்டது. மற்றப் பாதியை எடுத்து, கற்பூரக் கரியைச் சேலைத் தலைப்பால் துடைத்துப் பைக்குள் போட்டேன். நிமிர்ந்தபோது எதிர்ப்பக்கத்தில் ஆரணி, தோழிகளோடு டியூஷனுக்குப் போகிறவள், நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தோழிகள் பார்த்துவிடாதபடி அவர்களைக் கையைப் பிடித்து மற்றத் தெருவால் கூட்டிக்கொண்டு போனாள்.